அப்பாவின் தசைத்துண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். உனக்குக் கோபம் என்று தெரியும். "உன் லேப்ல அந்த மருந்து இருக்குல்ல, அப்பாவுக்குக் குடுத்தா என்னக்கா?" என்று கேட்டாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் லேப் வேலை உனக்குத் தெரியும். இதய ஆபரேஷனில் மேலறையிலிருந்து வெட்டி எறிகிற சின்னத் துண்டை நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி வருவோம். வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் கொடுத்து, லேசாக மின்சாரம் தொட்டால் தனியாகவே துடிக்கும். பிறகு ஆக்சிஜனை நிறுத்துவோம். துவண்டுவிடும். திரும்பக் கொடுத்தாலும் பழைய தெம்பு வராது. ஆனால் முன்கூட்டியே இந்த மருந்தைக் கொடுத்திருந்தால், தசைக்குள் இருக்கிற பொட்டாசியக் கதவு திறந்து, பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். முன்கூட்டியே என்பதுதான் விஷயம். செத்துப்போன தசையை எந்த மருந்தும் எழுப்பாது. அப்பாவுக்கு ஆபரேஷன் நடப்பதற்கு முன்பே, மாரடைப்பிலேயே, பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அம்மாவிடம் சொல்லாதே. அப்பாவின் துண்டும் எங்களிடம்தான் வந்தது. டப்பாவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு நடந்த ஆபரேஷனே அவருடையது ஒன்றுதான். பேராசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். நான் போகவில்லை. சுவரோரம் நின்று பார்த்தேன். அரிசி நீளம்கூட இல்லை, அழகாகத் துடித்தது. மருந்து போட்டு, ஆக்சிஜனை நிறுத்தி, திரும்பக் கொடுத்தார்கள். அசைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதிலிருந்தே நறுக்கி மருந்து போடாமல் வைத்த துண்டும் அப்படியே கிடந்தது. அப்பா இத்தனை வருஷம் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரை அந்தக் கதவைச் சாத்தி வைக்கிற வகை, அதனால்தான் இருக்கும் என்று பேராசிரியை சொன்னார். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் அப்படியில்லை. இதைப் படித்துவிட்டு மாமாவிடம் அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதே, அவர் இதற்காகவே காத்திருக்கிற ஆள்.

அப்பாவின் வாய் மட்டும் குறையவில்லை. இதய டாக்டரின் தலைமுடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "யாரு சார் வெட்டினது, எலியா?" என்று கேட்டார். அவர் சலூன் வாடிக்கையாளர்கள் பார்க்க வந்தால், "நான்தான் பள்ளிக்கூடம் தாண்டல, என் இதயத்துல ஒரு துண்டு காலேஜ்ல படிக்குது" என்று பெருமையடிக்கிறார். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் துண்டு எப்படிம்மா ஓடிச்சு? பாஸா?" என்று கேட்டார். "நல்லா ஓடிச்சுப்பா" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். நம்பினாரா, நம்பிவிட்டதாக நான் நினைக்கட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. பாத்ரூம் வரை போய் வந்தால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் திணறுகிறார், உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறார். டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போய், "இனிமே கஷ்டம் தெரியாம பார்த்துக்கறதுதான்" என்றார். சலூனை யாருக்காவது விட்டுவிடலாமா என்று அம்மாவே இன்று காலை கேட்டாள். கீரையை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

குட்டியின் பள்ளி லீவில் மூவருமாக வருவதாகச் சொல்லியிருந்தாய். குட்டியும் உன் மனைவியும் லீவில் வரட்டும், தம்பி. நீ முன்னால் வா. வந்ததும் மருந்தைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே, பக்கத்தில் உட்கார், போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வழியில் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா