லோர்ட் ஐயாவின் மகனிடம் சொல்லிவிடு

மரியாயே துணை

பிராண்டே, டென்மார்க்
21.02.1993, ஞாயிறு

அன்பு மகள் பற்றிமாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தம்பி டெனிஸ்ரனும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மடுமாதாவை மன்றாடுகிறோம். மனச்சுகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்கு முன்னால் மற்றப் புதினங்களைச் சொல்லிவிட வேண்டும். இங்கே மூன்று கிழமையாக வெயில் என்ற சாமானே இல்லை. அம்மா வயோதிபர் இல்லத்து வேலைக்குத் தொடர்ந்து போகிறா, முழங்கால் நோவு குறையவில்லை, டொக்டர் நடக்கச் சொல்கிறார், அவவோ நாள் முழுக்க நடப்பதுதானே தன் வேலை என்று கோபிக்கிறா. டெனிஸ்ரன் என்னைவிட உயர்ந்துவிட்டான். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறான், சோறு வேண்டும் என்றால் மட்டும் தமிழ் வருகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. லோர்ட் ஐயா காலமான செய்தியை வாசித்துவிட்டு அம்மா மெழுகுதிரி கொளுத்தினா, அவர் எங்கள் வேதமில்லை என்றாலும் ஒரு செபமாலை சொன்னோம். இரண்டரை வருடம் என் பிள்ளை கழுவித் துடைத்து உணவூட்டிய மனிதர் அல்லவா. தொழிற்சாலையில் சொன்னதும் சீவரத்தினம் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டார். நீ எழுதும் புதினங்களை இடைவேளையில் நான் வாசிக்கக் கேட்டுக் கேட்டு எங்கள் பெடியன்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். தமையன் யுத்தத்தில் விமானத்தோடு விழுந்து செத்தபடியால் இளையவரான இவருக்குப் பட்டம் வந்தது, தான் மாட்டு வைத்தியராக வர ஆசைப்பட்டவர் முப்பது வருடம் ஆங்கிலேயரின் பிரபுக்கள் சபையில் குந்தியிருந்தார், நாற்பது அறை வீட்டில் கடைசியில் இரண்டு அறையில் மட்டும் சூடு போட்டு வாழ்ந்தார், பெண்சாதி செத்த பிறகும் மேசையில் அவவுக்கு ஒரு கோப்பை வைக்கச் சொல்லுவார், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். இரண்டு வருடம் மீன்பிடிக்கு உதவி மந்திரியாக இருந்தவர் முள்ளுக்குப் பயந்து மீனே தொடமாட்டார் என்று நீ எழுதியதற்கு மன்னார்ப் பெடியன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி நேரத்தில் மகன் வந்து சேர்ந்தானா என்று சீவரத்தினம் கேட்டார். நான் இல்லை என்றேன். அடக்கத்துக்குத்தான் வந்தான் என்றும் சொன்னேன்.

அந்த மகனைப் பற்றித்தான் நீ என்னிடம் புத்தி கேட்டு எழுதியிருக்கிறாய். ஐந்து நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மாணவர் ஊர்வலத்தில் அவன் பொலிஸ் வாகனத்தின் கண்ணாடியை உடைத்துப் பிடிபட்டதும், வீட்டு வாசலில் நின்ற பத்திரிகைக்காரரிடம் லோர்ட் ஐயா சொன்னதாக, எனக்கு அப்படி ஒரு மகன் இல்லை என்று அடுத்த நாள் பேப்பரில் வந்ததும், அவன் நியூசிலாந்துக்குப் போய்த் திரும்பாமலே விட்டதும் முந்தியே எழுதியிருந்தாய். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்றுதான் தான் சொன்னது, பேப்பர்காரன் மாற்றி எழுதிவிட்டான் என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னார், பெண்சாதியும் அதை நம்பியே கண்ணை மூடினா. இப்போது நீ எழுதியிருப்பதுதான் புதிது. சாவதற்கு மூன்று நாள் முன்னால் உன் கையைப் பிடித்து அழுது, அவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள், சொன்னது நான்தான், அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றாராம். இன்றைக்கே எழுதட்டுமா என்று நீ கேட்க, நாளைக்கு என்றாராம். அந்த நாளை வரவில்லை. மகன் வந்து, ஊரார் சொன்ன அந்தக் கதையைக் கேட்டு, தகப்பன் கண்டிராத தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, பேப்பர்காரன் செய்த வேலையால் வாழ்க்கையே வீணாய்ப் போனதே என்று அழுகிறான். மாத முடிவில் திரும்பிப் போகப் போகிறவனிடம் இதைச் சொல்லவா, அப்படியே நம்பிக்கொண்டு போகட்டும் என்று விடவா என்று கேட்கிறாய்.

சொல்லு என்று ஒரு வரியில் எழுதியிருப்பேன் மகள். ஆனால் அதை எழுத எனக்கு முகம் இல்லை. போன வருடம் ஈஸ்டருக்கு எஸ்பியாத் துறைமுகத்தில் கப்பல் ஏறி உன்னைப் பார்க்க வந்தேனே, அந்த வீட்டுக் குசினியில் லோர்ட் ஐயா சக்கர நாற்காலியில் இருக்க, என் பிள்ளையைப் பிரித்தது டென்மார்க் மந்திரிதான் என்று நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மொழிபெயர்த்தாய். அவர் தலையை ஆட்டிவிட்டு, மந்திரிமார் பொய் சொல்வார்கள், தானும் சொன்னதுண்டு, உங்கள் விண்ணப்பக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் திரும்பி வந்து அந்தக் கோப்பின் பிரதிக்கு விண்ணப்பம் போட்டேன். போன மாதம் விசாரணை அறிக்கை வந்தது, குடும்பத்தை வரவழைக்க எங்கள் சனம் போட்ட விண்ணப்பங்களை மந்திரி சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தது உண்மை என்று தெரிந்து பிரதமரே பதவி விலகினார். இங்கே ஆளாளுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார்கள். என் மகளுக்கும் இனி நியாயம் வரும் என்று சீவரத்தினத்தின் வீட்டில் நான் பெரிய குரலில் சொன்னேன். அடுத்த கிழமை என் கோப்பின் பிரதி தபாலில் வந்தது.

அகராதியை வைத்துக்கொண்டு நானே வாசித்தேன். அம்மாவின் பெயரும் தம்பியின் பெயரும் அந்த முடக்கத்தில் ஒன்றரை வருடம் கிடந்தது உண்மை. உன் பெயர் அதில் கிடக்கவே இல்லை மகள். அதற்கு முந்தியே ஒரு கோடு போட்டு வெட்டியிருக்கிறார்கள். 1987 நவம்பரில் அகதி விண்ணப்பத்துக்கு என்னை விசாரித்த தாளில், மகளுக்கு வயது பதினெட்டு, திரும்பக் கேட்டபோது விண்ணப்பதாரர் உறுதிப்படுத்தினார் என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அப்போது உனக்குப் பதினேழு வயதும் எட்டு மாதமும். எங்கள் வழக்கப்படி, "பதினெட்டு நடக்குது" என்று நான் சொன்னேன். மொழிபெயர்த்த பெடியன் நல்லவன், சந்தேகப்பட்டு, "பதினெட்டோ அண்ணை?" என்று திரும்பவும் கேட்டான். நான், "ஓம்" என்றேன்.

நடக்குது என்றால் முடியவில்லை என்று விளங்கப்படுத்த எனக்கு வாய் இருந்தது. ஆமிக்காரன் உலாவுகிற ஊரில் குமர்ப்பிள்ளை தகப்பன் இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்தால் இரங்கி முதலில் உன்னை எடுப்பார்கள் என்று நினைத்தேன். வயதைக் கூட்டிச் சொன்னால் நல்லது என்று அந்த ஒரு நிமிடத்தில் என் மூளை சொன்னது. பதினெட்டு ஆனால் பிள்ளை குடும்பக் கணக்கில் வராது என்று எனக்குத் தெரியாது. அம்மா உன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை அனுப்ப வெளிக்கிட்டபோதும், வெட்டின பெயருக்குப் பத்திரம் வேண்டாம் என்று இங்கே குடிவரவுக் கந்தோரில் சொன்னார்கள், நான் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கவில்லை, மந்திரியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மாவும் தம்பியும் கட்டுநாயக்காவில் விமானம் ஏற நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது, கொழும்பில் கன்னியாஸ்திரிகள் வீட்டில் ஒரு வருடம் தனியே இருந்தது, பிறகு ஏஜென்சிக்காரனை நம்பிக் கடல் தாண்டினது, எல்லாம் என் ஓம் ஒன்றால் வந்தது.

போன ஞாயிறு பூசைக்குப் போய் வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ உள்ளி உரித்தா, கறி வைத்தா, எனக்குச் சோறு போட்டா, தான் சாப்பிடவில்லை. பின்னேரம் வேலைக்கு வெளிக்கிட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கள்தான் எழுதவேணும். நான் அவளுக்குச் சொல்லமாட்டன்" என்றா. அன்றைக்குத் தொடக்கம் வீட்டில் தேவையான கதை மட்டும்தான். டெனிஸ்ரனுக்கு ஒன்றும் தெரியாது, என்ன நடந்தது என்று டேனிஷில் கேட்கிறான், நான் குளிர் என்கிறேன்.

ஆகையால் லோர்ட் ஐயாவின் மகனிடம் சொல்லிவிடு. பேப்பர்காரன் பிழை செய்யவில்லை என்று சொல், அதோடு நிறுத்தாமல், அந்த மனிதர் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் அழுததையும் சொல். அவன் உன்னைக் கோபித்தாலும் பரவாயில்லை. ஒருவனைக் குற்றம் சொல்லிக்கொண்டே சுகமாக இருக்கலாம், எனக்கு அந்தச் சுகம் ஐந்து வருடம் இருந்தது, அது நல்ல சுகம் இல்லை. லோர்ட் ஐயா நாளைக்கு என்று விட்டதை நான் இன்றைக்கு எழுதுகிறேன், அவரிடம் நான் கற்றது அவ்வளவுதான்.

அங்கே வேலை முடிந்துவிட்டபடியால் அந்த வீட்டில் தனியே கிடக்காதே, பங்குச் சுவாமியிடம் சொல்லி வேறு இடம் பார். குளிருக்கு நெஞ்சை மூடிப் போ, பழைய சோற்றைச் சூடாக்கித் தின்னாதே. ஒரு வக்கீல் இந்தத் தாளை வைத்து உன் விடயத்தைத் திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்கிறார், உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை, நானும் உனக்கு ஆசை காட்டவில்லை. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், தேவமாதா உனக்கு முன்னே நடக்கட்டும். எனக்கு இப்படி ஒரு அப்பா இல்லை என்று நீ பதில் எழுதினாலும், யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மார்ச் பன்னிரண்டாம் திகதி உனக்கு இருபத்துமூன்று வயது முடிகிறது, அன்றைக்குப் பூசைக்குப் போ. எந்தக் கந்தோரில் யார் வயது கேட்டாலும் முடிந்த வயதையே சொல், மகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அல்பேட்