பரமானந்தத்தின் மூத்த மகள்

1979 மார்ச் 11, ஞாயிறு, வடகவுஞ்சி

பேரி மரங்கள் பூத்துவிட்டன. அப்பா இறந்து இரண்டு மாதம். இந்த வருஷப் பூவை அவர் பார்க்கவில்லை.

நேற்று தங்கை இசபெல்லா திண்டுக்கல்லிலிருந்து கணவர் மனுவேலோடு வந்தாள். காலையில் வெயிலில் உட்கார்ந்து, "அக்கா, பேன் பாரு" என்று மடியில் தலை வைத்தாள். பேன் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவேல், "பட்டா மாத்தணும் மதினி, காயிதத்தையெல்லாம் குடுங்க" என்றார். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது இசபெல்லா திரும்பிப் பார்க்கவில்லை. குளிருக்கு முக்காடு போட்டிருந்தாள். அதனால் இருக்கும்.

ஏப்ரல் 29

அவளுக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை.

ஜூன் 2

இசபெல்லா பெயரில் வக்கீல் நோட்டீஸ். நான் காலஞ்சென்ற பரமானந்தத்தின் மகள் இல்லையாம். உயில் எதுவும் இல்லாததால் வீடும் தோட்டமும் ஒரே மகளான அவளுக்கே உரியதாம். முப்பது நாளில் நான் காலி செய்ய வேண்டுமாம்.

மக இல்லையா? அப்ப நான் யாரு? எம் மடியில படுத்தவளா இதச் சொன்னா?

ஜூன் 6

கொடைக்கானல் கோவிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தேன். 1952. லீமா. வயது மூன்று. பெற்றோர் தெரியவில்லை. வளர்ப்பவர் பரமானந்தம்.

அப்படியானால் நோட்டீஸில் இருப்பது பொய் இல்லை.

சாமியார் ஏதோ ஆறுதல் சொன்னார். காதில் விழவில்லை. அவளுக்கு மட்டும் ஏம்ப்பா சொன்னீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?

ஜூன் 7

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகவில்லை.

ஜூன் 20

அப்பாவின் சிநேகிதர், பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் அப்துல் சலாம் பாய் விசாரிக்க வந்தார். நோட்டீஸைக் காட்டினேன். கொதித்துவிட்டார்.

"உயில் இல்லைன்னு எவன் சொன்னான்? பத்திர ஆபீசுல பதிஞ்ச உயிலும்மா. சாட்சிக் கையெழுத்தே நான்தான். வீடு ஒனக்கு, தோட்டம் ஆளுக்குப் பாதின்னு எழுதுனாரு. வெரசா போயி நகல் வாங்கு."

அப்படியென்றால் உயில் அந்தப் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நகல் வாங்கினால் வழக்கு. வழக்கு என்றால் அவள் எதிரில் வந்து நிற்பாள் — நிற்கட்டும். அப்படியாவது முகத்தைப் பார்க்கலாம்.

1980 அக்டோபர் 14

பழனி கோர்ட். உயிலே கிடையாது என்று இசபெல்லா சத்தியம் செய்தாள். பிறகு குமாஸ்தா நகலை வாசித்தார். "என் மூத்த மகள் லீமாவுக்கு வீடும் கிழக்குப் பாதியும்…" அப்புறம் வாசித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. மூத்த மகள் என்று எழுதியிருக்கிறார்.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா எப்ப ஒங்கிட்ட சொன்னாரு?"

"அப்பா சொல்லலக்கா. அம்மா சாகுறப்ப சொன்னா. ஒனக்குத் தெரிஞ்சா எங்கள விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்து பதினோரு வருஷம் வாயத் தொறக்கல."

"பெறகு ஏன்டி?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மனுவேல், "வா, சோலி கெடக்கு" என்று கூப்பிட்டார். போய்விட்டாள்.

பதினோரு வருஷம். அந்த இசபெல்லா எங்கே போனாள்?

1981 பிப்ரவரி 3

உயில்படி தீர்ப்பு. பாய் மிட்டாய் கொண்டுவந்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று தின்றேன்.

1982 ஆகஸ்ட் 8

பேரி பறிப்பு. அவள் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவே கம்பி வேலி. பறிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அவள் வரவில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வெளியே போய் நின்றேன். உள்ளே வந்தபோது உலையில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

1983 ஜூலை 24, ஞாயிறு

இசபெல்லா தன் பாதியை விற்றுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வாங்கியவர் பெரியகுளத்துக்காரர், சேனாதிபதி என்று பெயர். நல்ல மனிதராகத் தெரிகிறார். இன்று வேலியோரம் வந்து பேசினார்.

"இத எனக்கு வித்தவங்க ஒங்களுக்கு என்ன வேணுங்க?"

"தங்கச்சி."

"கூடப்பொறந்த தங்கச்சியா?"

"ஆமாங்க" என்றேன்.