உன் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. நாத்தனாரைப் பாப்பா என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணமாகி வந்தபோது இரட்டைப் பின்னலோடு வாசலில் நின்றாய், அந்த முகம்தான் இன்னும் மனசில் இருக்கிறது.

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் பொய் எழுதக் கை வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அதுவரைக்கும் எழுதலாம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம்தானே? சின்னவளுக்கு மூச்சிரைப்பு தேவலையா? குளிரில் வெளியே விடாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாய், நான் இந்தப் பக்கம் உறிஞ்சுகிறேன், பேச்சு ஒன்றும் நடப்பதில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதே. உன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் புரட்டிப் படித்ததுதான் என் படிப்பில் பாதி.

தையல் கம்பெனியில் இன்னும் பிசிறு வெட்டும் மேசையில்தான் இருக்கிறேன். சட்டையைத் திருப்பித் திருப்பி நூல் நுனியை வெட்டிப் போடுகிற வேலை. எதிரே உட்காருகிறவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இப்போது என்னிடம் மட்டும் பேசுவதில்லை. துக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாளோ என்னவோ.

வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. உன் அண்ணன் டம்ளரை ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடியை ஒரு பக்கம், பேப்பரை ஒரு பக்கம் என்று போட்டுவைப்பார். இப்போது வீடு ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் எழுத வந்த விஷயம் வேறு. யாராவது உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

நம் வீட்டுக்குப் பின்னால் நகராட்சியின் காலி மனை இருக்கிறதே, நீ சைக்கிள் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்ட இடம், அதைச் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போவதாக நகராட்சியில் முடிவெடுத்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் விடவில்லை. மழைத்தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய் இறங்குகிறது, அதையும் மூடினால் வீட்டுக்குள் வரும் என்றார். பக்கத்துத் தெருவில் அப்படி வந்ததைப் போட்டோ பிடித்து வைத்திருந்தார். மண்ணாகவே விடுங்கள், சுற்றி மரம் வைத்துக் கொடுங்கள், வெக்கையும் குறையும் என்று நடையாய் நடந்தார். கடைசியில் தெருக்காரர்களே சொல்லட்டும், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று கமிஷனர் சொல்லிவிட்டார்.

மளிகைக்கடைக்காரர் சிமெண்ட் பக்கம். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உன் அண்ணனும் அந்தப் பக்கம்தான். பஸ் ஓட்டின மனுஷன், காலி இடத்தைப் பார்த்தால் வண்டி நிறுத்தத்தானே தோன்றும். போதாததற்கு அந்த மனையில் தவளை வேறு. மழை விட்டதும் கத்த ஆரம்பிக்கும். இதுங்க வாயில சிமெண்டைக் கொட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பார். படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைக்காரரிடம், என் ஓட்டு உனக்குத்தான்டா என்று கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வேண்டாம் என்று பட்டது. சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்றார். மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் பேச்சே இல்லை.

போன வாரம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, முட்டி மடங்கவில்லை. இஞ்சினியர் சுவரில் படம் காட்டினார். ஒருத்தர் எழுந்து, மரம் வெச்சா சருகு விழும், யார் கூட்டுறது என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு அம்மா, இப்ப உங்க வாசலைக் கூட்டுறது மட்டும் நீங்களாக்கும் என்றதும் ஹாலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நகராட்சி கிளார்க், ஒரு பெண், வீட்டு வரியில் இருக்கிற பெயர்களை வாசித்தாள். பெயர் வந்ததும் எழுந்து மண்ணா சிமெண்டா என்று சொல்லவேண்டும். நம் வீட்டு முறை வந்தது. உன் அண்ணன் பெயரை, உங்கள் அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக மைக்கில் கூப்பிட்டாள். எத்தனை நாளாயிற்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டு. எழுந்து நின்றேன். அவர் இல்லைங்க என்றேன்.

சரிங்கம்மா, வரலை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடைக்குப் போனவரையும் இல்லை என்கிறோம், ஒரேயடியாகப் போனவரையும் இல்லை என்கிறோம். எந்த இல்லை என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், அவள் குறித்தது எனக்குப் பிடித்திருந்தது. வரவில்லை, அவ்வளவுதான். எங்கேயோ போயிருக்கிறார், அடுத்த கூட்டத்துக்கு வருவார்.

எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் முதலில் எடுத்த முடிவுதான் நிற்கும், அதாவது சிமெண்ட் என்று சொல்லி அவள் பேப்பரை அடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். தெருவே பார்த்தது. எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதை என் வாயால்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

மறுபடி எழுந்தேன். அதான் அவர் வரலைன்னு சொல்லிட்டீங்களேம்மா என்றாள். அவர் வரமாட்டார்ம்மா, செத்துப்போயிட்டார் என்றேன்.

பாப்பா, அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதே இல்லை. உன்னிடம்கூட, அண்ணன் நம்மளை விட்டுட்டுப் போயிட்டார் என்றுதான் சொன்னேன். ஹாலில் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பெண் எழுந்து நின்று, மன்னிச்சிடுங்கம்மா, அப்ப அந்த வீட்டுக்கு நீங்கதான் சொல்லணும் என்றாள்.

கடைக்காரரும் எழுந்தார். அக்கா, அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்தது உங்களுக்கே தெரியும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார். தெரியும் தம்பி என்றேன். அப்புறம், மண்ணு என்றேன். காதில் விழவில்லை என்றாள் அந்தப் பெண். மண்ணு, மண்ணாவே இருக்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

ஏன் அண்ணி என்று கேட்பாய். தண்ணீர், வெக்கை என்று டீச்சர் சொன்னதெல்லாம் எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் எழுந்து நின்றபோது அதெல்லாம் நினைவில் இல்லை. இப்போது பின்னறையில்தான் படுக்கிறேன். மழை பெய்தால் தவளை கத்துகிறது. அதையும் மூடிவிட்டால் அந்த வீட்டில் வேறு சத்தமே கிடையாது. இதைப் போய் மைக்கில் சொல்ல முடியுமா?

டீச்சர் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்று வைக்கும்போது கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். கடைக்காரர் மறுநாள் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அது மாறும் என்று நினைக்கிறேன். நல்ல பிள்ளைதான்.

ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் உன் அண்ணன் கொடுத்த வாக்கை ஊர் முன்னால் வைத்து உடைத்தது இதுதான் முதல் தடவை. அவர் இருந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள், என் மானத்தை வாங்கிட்டியேடி என்று ஆரம்பித்திருப்பார். நானும் விட்டிருக்கமாட்டேன். தண்ணி உள்ள வந்தா நீங்களா இறைப்பீங்க என்று கேட்க வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ பூவும் பொட்டுமாய், ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் இருக்கணும். உனக்கு அப்படியே உன் அண்ணன் வாய். கோபம் வந்தால் நீயும் அவர் மாதிரியே வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாய். அதனால் கேட்கிறேன். நான் செய்தது தப்பு என்று பட்டால் என்னை நன்றாகத் திட்டி எழுது. தப்பில்லை என்று பட்டாலும் திட்டியே எழுது. ஆறுதல் மட்டும் எழுதாதே, அதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ எழுதினால் நானும் சும்மா இருக்கமாட்டேன், பதிலுக்குப் பதில் எழுதுவேன்.

சீக்கிரம் எழுது.

என்றைக்கும் உன்,
அண்ணி