வடிகட்டிக்கு நான் எழுதிய மதிப்பீடு

அனுப்புநர்:
சௌ. ஹம்சினி,
ஆய்வு மாணவி (வேதியியல்),
நியூ டவுன், கொல்கத்தா.

பெறுநர்:
திருமதி பாகீரதி ராஜாராமன் அவர்கள்,
செயலாளர், தென்றல் கல்வி அறக்கட்டளை,
பவானிபூர், கொல்கத்தா.

பொருள்: பாராசாத் பள்ளியில் பொருத்திய, நீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சை நீக்கும் வடிகட்டியை நிறுத்தி, நீரை வெளி ஆய்வகத்தில் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. வடிகட்டித் திறப்பு விழாவில் தங்களிடம் நான் சொல்லாததை முதலில் எழுதுகிறேன். இதை வெளியார் யாராவது சரிபார்த்தார்களா என்று தாங்கள் கேட்டீர்கள். இரண்டு வல்லுநர்கள் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பிறகே இதைப் பற்றிய எங்கள் கட்டுரை ஆய்விதழில் வெளியானது என்றார் என் நெறியாளர் முனைவர் சிவராம். நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இதில் இருப்பது பெருமை என்று தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த வல்லுநர்களில் ஒருவர் நான்தான் என்று நான் சொல்லவில்லை.

2. கட்டுரையை மதிப்பிடத் தகுந்தவர்களின் பெயர்களை, எழுதியவர்களே பரிந்துரைக்க அந்த இதழ் இடம் தருகிறது. முனைவர் சிவராம் ஹைதராபாத் பேராசிரியர் ஒருவரின் பெயரைக் கொடுத்து, தாமே உருவாக்கிய மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தார். ஆகவே மதிப்பீடு கேட்டு இதழ் அவருக்கு அனுப்பிய கடிதம் எங்களிடமே வந்தது. "எல்லாம் தெரிஞ்சவ நீதானேம்மா, நீயே எழுதிடு" என்றார். எழுதினேன். உண்மையாகத் தோன்றுவதற்காக, மூன்றாவது படத்தில் எழுத்துகள் சிறியவை என்று ஒரு குறையும் சொன்னேன். பிறகு அதைத் திருத்தியவளும் நானே. மற்ற மதிப்பீட்டாளர் யாரென்று அறியேன். இரண்டு வரியில் ஒப்புதல் தந்திருந்தார்.

3. நேர்மையான மதிப்பீட்டாளர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. நாங்கள் காய்ச்சி வடித்த நீரில் ஆர்சனிக்கைக் கலந்துதான் சோதித்தோம். அப்பள்ளியின் ஆழ்குழாய் நீரில் பாஸ்பேட்டும் உண்டு. அது வடிகட்டியில் ஆர்சனிக் ஒட்டவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீரில் வடிகட்டி எவ்வளவு காலம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. கட்டுரையில் என் பெயரும் இருந்ததால் கேட்கவில்லை. தன் பிழை தன் கண்ணில் படாது, அதனால்தான் இன்னொருவர் பார்க்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். கண்ணில் பட்டதை மறைக்கிறவர்களுக்காகவும்தான் அந்த இன்னொருவர் என்று இப்போது வெட்கத்துடன் உணர்கிறேன்.

4. எனவே வடிகட்டியின் குழாயை மூடவும், பள்ளிக்கு வரும் தண்ணீர் லாரியை நிறுத்தாமல் தொடரவும், எங்களோடு தொடர்பில்லாத ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கவும் பணிந்து வேண்டுகிறேன். இதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டேன். என்மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். அந்த விசாரணை முடியும்வரை குழாய் திறந்திருக்கவேண்டாம்.

இடம்: கொல்கத்தா
நாள்: 14.02.2025

தங்கள் உண்மையுள்ள,
சௌ. ஹம்சினி

பின்குறிப்பு: மனுவை உறையிலிடும் முன் பள்ளித் தலைமையாசிரியை ரஞ்சனா தீதியிடம் தொலைபேசியில் பேசினேன். விழாவுக்கு மறுநாளே லாரியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வடிகட்டி நீரைத்தான் குடிக்கிறார்கள்.