இரண்டேகால் அடி குறைந்த பிரசவ அறை

அனுப்புபவர்:
செல்வி சி. மகாதேவி,
படவரைஞர்,
அரியாலை, யாழ்ப்பாணம்.

பெறுபவர்:
திட்டப் பணிப்பாளர் அவர்கள்,
கிராம மகப்பேற்று மனைகள் கட்டடத் திட்டம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: மேசன் திரு. க. தம்பிராசாவின் பெயரைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்குவதும், வரைபடங்களுக்குப் பொது விதி வகுப்பதும் பற்றியது (மூன்றாவது மனு)

கனம் ஐயா,

1. தங்கள் அலுவலகத்தில் படம் வரையும் இருவரில் நான் ஒருத்தி. மற்றவர் திரு. கனிசியஸ். சென்ற தையிலும் மாசியிலும் நான் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வரும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் எழுதாமலிருக்க மனம் விடவில்லை.

2. மருதனார்மடத்துக்கு அப்பால் கட்டிய மகப்பேற்று மனைக்குச் சுவர்ப்படம் வரைந்தவள் நான். அத்திவாரப்படம் வரைந்தவர் கனிசியஸ். வரிசையாக மூன்று அறைகள். ஒவ்வொன்றும் பதினாறு அடி நீளம் என்று இருவரும் எழுதினோம். இவ்வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் நான் ஊராருக்கு வீட்டுப்படம் வரைந்தவள். அறையின் உள்ளளவைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் மனையடி சாத்திரப்படி நல்லது கெட்டது சொல்வார்கள். ஆகவே சுவருக்குள்ளே அளப்பதே என் கைப்பழக்கம். கனிசியஸ் படித்த இடத்தில் ஒரு சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு அளக்கப் பழக்கினார்கள். இரண்டும் சரியான முறைகளே. ஆனால் எப்படி அளந்தோம் என்று இருவரும் படத்தில் எழுதவில்லை. ஒருவரையொருவர் கேட்கவுமில்லை.

3. சுவரின் தடிப்பு ஒன்பது அங்குலம். மூன்று அறைகளுக்கும் சேர்த்து வித்தியாசம் இரண்டேகால் அடி. என் படத்தின்படி கடைசிச் சுவர் அத்திவாரத்துக்கு வெளியே போனது. தம்பிராசா நூல் பிடித்துப் பார்த்து, வேலையை நிறுத்திவிட்டு, சைக்கிளில் அலுவலகம் வந்து கேட்டார். அத்திவாரத்தின் மேலேயே கடைசிச் சுவரை எழுப்பும்படி எங்கள் அலுவலக மேற்பார்வையாளர் வாயால் சொல்லி அனுப்பினார். தம்பிராசாவும் அப்படியே கட்டினார். அத்திவாரமில்லாத இடைச்சுவர்கள் இரண்டும் அதற்கு முன்பே என் படத்தின்படி எழும்பியிருந்ததால், குறைவு முழுவதும் கடைசி அறையில் விழுந்தது. அதுதான் பிரசவ அறை. இன்று அங்கே மேசையையும் அலுமாரியையும் வைத்துக் கட்டிலையும் போட்டால் கட்டிலின் ஒரு பக்கத்தில் மருத்துவமாது நிற்க இடமில்லை.

4. அறை குறைந்தது பற்றி அலுவலகத்தில் நடந்த விசாரணையில், அப்படிச் சொன்னதாகத் தமக்கு ஞாபகமில்லை என்றார் மேற்பார்வையாளர். "வரைபடத்தை மீறிக் கட்டினார்" என்று எழுதித் தம்பிராசாவைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அப்பட்டியல் எல்லா ஒப்பந்தகாரருக்கும் போகிறது. நான்கு மாதமாக அவரை எவரும் வேலைக்கு எடுக்கவில்லை. ஏசுவார் என்று பயந்துகொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனேன். "பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் கீறித் தந்ததைத்தானே நான் கட்டினனான். பிழையெண்டு கண்டுதானே வந்து கேட்டனான்?" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாயிருந்தது.

5. விசாரணை முடிந்ததும் பொது விதி ஒன்று கேட்டேன். "இரண்டு பேருக்கு விதி எதற்கு? பத்துப் பேரானதும் பார்ப்போம்" என்று கோப்பில் குறிப்பெழுதப்பட்டது. வரைபவர்கள் இருவர்தான், உண்மை. படத்தை வாசித்துக் கட்டுபவர்களை ஏன் எண்ணவில்லை? ஊரில் என் படத்தை வாசித்த மேசன்மாருக்கு என் பழக்கம் தெரியும், விதி தேவைப்படவில்லை. இரண்டாவது ஆள் அதே கட்டடத்தில் கைவைத்த அன்றே அது எழுத்தில் வந்திருக்க வேண்டும். அரைத் தாள் போதும்: அளவு எங்கிருந்து எங்கே, திருத்தியவர் யார், எந்தத் திகதியில்.

6. அந்த அரைத் தாளை நானும் கனிசியசும் சேர்ந்து எழுதியும் விட்டோம். அனுமதியில்லாத குறிப்பு என்று மேற்பார்வையாளர் அதைப் படத்தில் சேர்க்க விடவில்லை. வரும் திங்கட்கிழமை அடுத்த மனைக்குப் படம் தொடங்கவேண்டும். சுவர் எனக்கு, அத்திவாரம் கனிசியசுக்கு. மேசன் மட்டும் வேறு ஆள்.

7. ஆகவே, இத்துடன் இணைத்துள்ள அரைத் தாளில் தாங்கள் ஒப்பமிட வேண்டும் என்றும், தம்பிராசாவின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்கிறேன். இரண்டும் இயலாதெனில், யாராவது ஒருவரின் பெயர் அங்கே இருந்துதான் ஆகவேண்டுமெனில், அவர் பெயரை வெட்டிவிட்டு அதே வரியில் என் பெயரை எழுதுவியுங்கள். நான் மறுக்கமாட்டேன்.

இடம்: அரியாலை
திகதி: 21.04.1989

தங்கள் அலுவலகப் பணியிலுள்ள,
சி. மகாதேவி