தாலி வெளுத்த ஆடி

அண்ணி, இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பெருநகர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு பெண். பக்கத்தில் உட்கார்ந்ததுமே அந்த வாசனை அடித்தது. ரோஜாத் தண்ணீரில் பழைய சில்லறையைப் போட்டு வைத்தது போல ஒன்று. உன் தலையணையின் வாசனை. அவள் முகம் மட்டும் மாவாய் வெளுத்திருந்தது. காதோரம் சொந்த நிறம் எட்டிப் பார்த்தது.

"மூஞ்சிக்கு இன்னா க்ரீம் போட்டுக்கினு இருக்க?" என்று கேட்டுவிட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு?"

"டப்பா மேல கம்பெனி பேரு, உள்ள இன்னா சேத்துகீறாங்கன்னு எதுனா எழுதிகீதா?"

"நீ இன்னா போலீஸா?" எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். கூடவே நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாய்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்த சமயம்தான் நீ எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாய். வந்து போனவர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நீ மட்டும், "ஓடியாந்தவ நீ, ஓட்டியாந்தது என்னைய. வா, சேந்து பாத்திரம் கய்வலாம்" என்றாய். அன்றிலிருந்து உன்னை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அம்மா எத்தனை முறை முறைத்தும் நாம் மாறவில்லை.

உன் பாப்பாவுக்குக் காது குத்தின அன்று ஒரு பெரியம்மா, "நல்லவேள, கொயந்த அப்பன் கலரு" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா பெரீம்மா, என் கலரு அப்படியே மீதி கீது. உனுக்கு வோணுமா?" என்று கேட்டாய். பந்தியே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் பஜாரில் இருந்த ஒரு பியூட்டி பார்லரிலிருந்து அந்தச் சின்ன டப்பா வந்தது. மேலே புரியாத எழுத்து. எங்கே செய்தது, எதில் செய்தது, ஒன்றும் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, வெளுத்தாய். நான் மலைத்துப்போனேன். தெருவே வாயைப் பிளந்தது. "மூஞ்சி ஒரு கலரு, கய்த்து ஒரு கலருன்னா பொம்ம மாறி கீதுடி" என்று கழுத்துவரைக்கும் இழுத்துப் பூச ஆரம்பித்தாய்.

ஆடி மாதம் அம்மா உன் தாலியைப் பார்த்தாள். மஞ்சள் பூசும்போது கண்ணில் பட்டிருக்கிறது. தாலிப் பொட்டின் ஓரமெல்லாம் பொன்நிறம் போய் அலுமினியம் போல வெளுத்திருந்தது.

"ஐயோ! எம்புள்ளைக்கு இன்னா வரப்போவுதோ!"

தாலி நிறம் மாறினால் புருஷனுக்கு ஆகாது. நம் வீட்டில் அதற்கு மேல் பேச்சே இல்லை. ஒரகடம் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு நைட் ட்ரிப் நின்றது. உனக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஈரப் புடவையோடு அம்மன் கோயிலைச் சுற்று. கூழ் ஊற்று. உன் கால் வீங்கியது. வெறும் வயிற்றோடு நின்றால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். முகமும் வீங்கியது. "இப்பதான் பாக்க லட்சணமா பூசினாப்ல கீற" என்றார்கள். பூசினாற்போல! அந்த வார்த்தையை யார் சொன்னாலும் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. வேண்டுதல் பலிக்கிறது என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நீ என்னிடம் மட்டும் சொன்னாய். "ஒண்ணுக்குப் போனா சோப்பு நொர மாறி வருதுடி. அத்த வுடு, அவருக்கு ஒண்ணும் ஆவாம இருந்தா சரி."

"விரதமும் மண்ணும். கெளம்பு, பஸ் ஏறு" என்று இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் புலம்பிக்கொண்டே பின்னால் வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா உன் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. நிமிர்ந்தபோது உன் கழுத்தைப் பார்த்தார்.

"தாலி வெள்ளியில செஞ்சதா?"

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னாம்மா கேட்ட? அசல் பவுனு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முகத்துக்கு என்ன போடுறீங்க?"

நீ பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய். நான்தான் உன் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். சோதனைக்கு அனுப்பினார்கள். க்ரீமிலும் பாதரசம், உன் சிறுநீரிலும் பாதரசம்.

"மூஞ்சில பூசுனது மூத்திரத்துல எப்படிம்மா வரும்?" என்று அம்மா கேட்டாள்.

"தோல் நிறைய விஷயத்தத் தடுக்கும்மா. ஆனா எல்லாத்தையும் தடுக்காது. சிலது முடி முளைக்கிற துளை வழியா, தோலோட சந்து வழியா உள்ள போய் ரத்தத்துல சேந்துடும். பாதரசம் போய்த் தங்குற இடம் கிட்னி. தங்கத்துல பட்டா தங்கமும் வெளுத்துடும்."

நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில், மழை, சாணி, சோப்பு எல்லாம் பட்ட கை. பிறந்ததிலிருந்து இதற்குள்தான் இருக்கிறேன். இது எதை வெளியே நிறுத்துகிறது, எதை ஓசையில்லாமல் உள்ளே கூப்பிடுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தீயில் போட்டாலும் மாறாத தங்கம், அண்ணி! அது உன் கழுத்தில் கிடந்து நிறம் மாறிக் காட்டியது. உன்னைக் காட்டியது. நாம் அண்ணனைப் பார்த்தோம்.

டாக்டர் இன்னொன்று கேட்டார். "பக்கத்துல யார் படுக்கிறாங்க?"

நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். "பாப்பா. என் கய்த்துல மூஞ்சியப் பொதச்சிக்கினுதான் தூங்கும்."

பாப்பாவுக்கும் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அதற்குப் பிறகு உன் ரிப்போர்ட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்னிய அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர். அதுக்கு இன்னா பண்ணணும், சொல்லுங்க." தலையணை, போர்வை, துண்டு ஒன்றையும் வீட்டில் வைக்கக் கூடாது என்று போனில் அண்ணனை விரட்டினாய்.

உன்னைச் சேர்த்திருந்த வார்டுக்குப் பாப்பாவைத் தூக்கி வந்தபோது கையை நீட்டித் தடுத்தாய். "கிட்ட வராத." அவள் வீறிட்டாள். கழுவினால் போதும், தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் உனக்கு மனம் ஒப்பவில்லை. பாத்ரூமில் நின்று முகம், கழுத்து, கை எல்லாம் என்னைத் தேய்க்கச் சொன்னாய்.

"நல்லா தேயிடி. பாலிடெக்னிக் படிச்ச மாறி பாதில வுடாத."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. தோல் சிவந்த பிறகுதான் பாப்பாவை வாங்கினாய். நெற்றி, கண், உள்ளங்கை என்று மூச்சு விடாமல் முத்தம் கொடுத்தாய்.

வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. தேறிவிடுவாய் என்றுதான் டாக்டரும் சொன்னார். கிட்னி கெடும் இந்த நோயில் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டாம். ஒரு விடியற்காலை அந்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

பாப்பா உடம்பில் இப்போது ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பு போகிறாள். உன் வாய் அப்படியே. எதைத் தொட்டாலும் ஒரே கேள்விதான். "அத்த, மஞ்சா பூசுனா உள்ள போவுமா? சேறு? மழ?" தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை, "இருடி, கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டு, யாரிடமாவது நிஜமாகவே கேட்டு வந்து சொல்கிறேன். படிப்பை விட்டவளுக்கு இப்படி ஒரு வாத்தியார்.

நேற்று தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்கம்மா முத்தம் குடுத்துச்சே, அது?"

சீப்பு நின்றது. இதை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"போச்சிடி" என்றேன். "அது மொத்தமும் உள்ளதான் போச்சி."