இரண்டாவது பிரேக்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை; எழுதிவிட்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். பழைய வீட்டைக் காலி செய்து இங்கே வந்ததிலிருந்து எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே போன். நான் உன்னோடு பேசினால் அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இது அவள் கேட்கக் கூடாத செய்தி. அதனால் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. மூன்று நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள்.

அப்பாவின் காரை வாங்க அத்தானின் நண்பர் அடுத்த சனிக்கிழமை வருகிறார் என்று அம்மா சொன்னாள். காரை விற்றுவிட்டு நாங்கள் உன்னோடு வந்துவிட வேண்டும், எனக்கு அங்கே பள்ளியும் பார்த்துவிட்டாய் என்றாள். அவள் உன்னிடம் "உன் இஷ்டம்மா" என்றாளாமே, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அன்று அவளுக்குப் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். அக்கா, வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபடியும் டிரைவிங் டெஸ்ட். "அவகிட்ட போன்ல உளறிடாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு பாலர் பள்ளியில், சொந்தக் காரும் லைசென்ஸும் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிவந்து கொண்டுவிடும் வேலை தருகிறேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். நியூட்ரல் மாமாதான் கற்றுக்கொடுக்கிறார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவோடு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தவர். யார் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேரமாட்டார் என்று அப்பா வைத்த பெயர்.

'மறுபடியும்' என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். போன மாதம் ஒருமுறை தோற்றுவிட்டாள். வளைவு, கியர், பின்னால் எடுப்பது எல்லாம் சரியாகவே செய்தாள். கடைசியில் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், அதோடு சரி. கார் தன்பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் கூம்பைத் தள்ளிவிட்டது. அதிகாரி இறங்கி, மதில் ஓரம் நின்ற எங்களிடம் வந்தார். "பிரேக் போடலியாம்மான்னு கேட்டா, அவர் போடுவாருங்கறாங்க. யாருங்க அந்த அவரு?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப இல்லீங்க" என்றார்.

அப்பா அம்மாவுக்குப் பத்து வருடம் கற்றுக்கொடுத்த லட்சணம் உனக்குத் தெரியும். பாதி நாள் அம்மா நடுவழியில் இறங்கி பஸ்ஸில் வந்துவிடுவாள். மீதி நாள், அவள் பிரேக்கைத் தேடுவதற்குள் அப்பா, கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கத்தில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்திருப்பார். நான் குனிந்து பார்த்தேன் அக்கா. ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக்கின் ரப்பர் புதிது போல இருந்தது. அப்பா பக்கத்து ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. இந்த ஊரில் எத்தனை பேருக்காக அப்பாவே நிறுத்திக்கொடுத்திருக்கிறார்!

இப்போது எழுதப்போவதைப் படித்ததும் கிழித்துவிடு. அந்த டெஸ்டின்போது நான் மதில் ஓரம் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால் உன்னிடம் வந்துவிடலாமே. இந்தப் பள்ளியில் என்னோடு பேச யாரும் இல்லை. சாப்பாட்டு வேளையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், தனியாக இருப்பதாகத் தெரியாமல் படிப்பதாகத் தெரியட்டும் என்று. பல நாள் பக்கமே திருப்புவதில்லை. உன் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும் போல இருந்தது. கூம்பு விழுந்தபோது ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம் அம்மா காரிலிருந்து இறங்கி, அந்தக் கூம்பை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு எனக்கு வேண்டிக்கொள்ளவே வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் கேட்டதைக் காதில் வாங்காத கடவுள், இதை மட்டும் ஏன் உடனே கேட்டார்?

அம்மா இரண்டு வாரம் சாவியைத் தொடவில்லை. சாயங்காலம் கீழே போய், நின்றுகொண்டிருக்கும் காரில் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கூப்பிட்டதில்லை. அப்புறம் ஒரு நாள் யாரையும் கேட்காமல் ஆள் வைத்து மெக்கானிக்கிடம் காரைத் தள்ளிக்கொண்டுபோய் இரண்டாவது பிரேக்கைக் கழற்றச் சொல்லிவிட்டாள். நியூட்ரல் மாமா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கம் சேர்ந்து கத்தினார்: "அண்ணி, இது வெளயாட்டில்ல. நான் எதை நம்பி பக்கத்துல உக்காருவேன்?" அம்மா, "என்னை நம்பித்தான். பயமா இருந்தா பின்னால இவகூட உக்காருங்க" என்றாள். மாமா முன்னாலேயே உட்கார்ந்தார். கதவுப் பிடியை மட்டும் விடவில்லை.

முதல் நாள் சிக்னலுக்கு இரண்டு கார் நீளம் முன்னாலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த வேன்காரர் தலையை நீட்டி, "ஏம்மா, லைட்டுக்கு மரியாதையா? எட்ட நின்னு கும்பிடுறீங்களா?" என்றார். அம்மா சிரித்தாள் அக்கா. சத்தமாக. எட்டு மாதத்தில் முதல் தடவை.

கழற்றிய பெடலைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். மறுநாள் அவளே எடுத்துப்போய், "வேற யார் வண்டிக்காவது ஆகும்" என்று மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நேற்றுகூட ஒரு திருப்பத்தில் அவள் கால் சும்மா நின்றது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் மிதித்தாள்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். அத்தானின் நண்பரை ஒரு வாரம் பொறுத்து வரச் சொல். புதன்கிழமை போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் அம்மா எல்லாவற்றுக்கும் "உன் இஷ்டம்மா" என்றுவிடுவாள். வியாழக்கிழமையும் தோற்றுவிட்டால், நானே பெட்டி கட்டி அவளை உன்னிடம் கூட்டிவருகிறேன். எனக்கு உன்னிடம் வரும் ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

டெஸ்ட் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் நீ எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று, அம்மா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். நான் கேட்டால் என் பழைய வேண்டுதல்தான் அங்கே போய்ச் சேருமோ என்று பயமாக இருக்கிறது. உன் வாயால் கேள் அக்கா, என் பெயரையும் சேர்த்து.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் பிரியமுள்ள தங்கை,
புத்தகப்பூச்சி